ஓர் அரசின் பழி யார் தலையில்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிப்புக்கும் மதிய உணவுக்கும் இடையில் பேச அழைக்கப்படுபவர் சுருக்கமாகப் பேசுவதே மரபு. எனக்குத் தரப்பட்ட தலைப்போ பெரியது: தேசியமும், நாடுகளுக்கிடையிலான போட்டியும், அவற்றால் விளையும் பதற்றமும். உலகம் முழுவதையும் சுற்றிவர நேரமில்லை. நம் ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள சில இடங்களை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிறந்த மண்ணை நேசிப்பது குற்றமன்று. மக்காவைவிட்டு வெளியேறும்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த ஊரைத் திரும்பிப் பார்த்துத் தம் அன்பை வெளியிட்டதை நாம் அறிவோம். கண்டிக்கப்பட்டது வேறொன்று. அதற்கு 'அஸபிய்யத்' என்று பெயர். தன் கூட்டத்தார் அநீதி செய்யும்போதும், தன் கூட்டத்தார் என்பதற்காகவே அவர்களுக்குத் துணைநிற்பதே அஸபிய்யத் என்று நபியவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். பனூ முஸ்தலிக் போர்ப்பயணத்தில் இரண்டு பேருக்கிடையே சிறு கைகலப்பு. ஒருவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார், மற்றவர் அன்சாரிகளைக் கூவி அழைத்தார். இரண்டும் இஸ்லாமிய வரலாற்றின் மிக உயர்ந்த பெயர்கள்! ஆயினும் ஆள் திரட்டுவதற்கு அவை பயன்படுத்தப்பட்டபோது, துர்நாற்றம் வீசும் அறியாமைக்காலக் கூச்சல் அது என்று நபியவர்கள் கடிந்தார்கள். பெயர் எவ்வளவு தூயதாயினும், அதை எதற்காகக் கூவுகிறோம் என்பதே கேள்வி.

இரண்டு அரசுகளுக்கிடையே எல்லைத் தகராறு இருக்கலாம், ஆயுதப் போட்டி இருக்கலாம். அரசுகளே அவற்றைப் பேசித் தீர்க்கவேண்டும். ஆனால் பகைமை மூட்டப்பட்ட மக்களின் கோபம், எல்லைக்கு அப்பாலுள்ள அரசை எட்டமுடியாது. எட்டமுடியாத கோபம் பக்கத்தில் ஓர் ஆளைத் தேடும். 1962ஆம் ஆண்டு சீனப் போர் மூண்டபோது, இந்தியாவில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் அசாம் முதலிய பகுதிகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் சீனாவைக் கண்ணாலும் பார்த்ததில்லை. சென்னையில் பல் மருத்துவம் பார்த்துவந்த சீனக் குடும்பங்களை நம் மூத்தவர்கள் அறிவார்கள். முகத்தோற்றம் ஒன்றே குற்றச்சாட்டாகிவிட்ட காலம் அது.

நம் சமுதாயத்துக்கும் இந்த அனுபவம் புதிதன்று. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உறவு கெடும்போதெல்லாம், அலுவலகத்திலோ வகுப்பறையிலோ யாராவது ஒருவர் நம் பிள்ளைகளை நோக்கி ஒரு கேள்வியை வீசுகிறார். அப்போது நாம் உடனே காயிதே மில்லத் அவர்களை எடுத்துக்காட்டுகிறோம். 1962 போரின்போது தம் மகனை இராணுவத்துக்கு அனுப்பத் தயார் என்று அவர் பிரதமர் நேருவுக்கு அறிவித்ததைச் சொல்கிறோம். பெருமைக்குரிய செய்திதான். ஆனால், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கும் அந்தப் பெரியவர், யாரும் சான்று கேட்டு அதைச் செய்யவில்லை. ஒரு குடிமகனாகத் தாமே முன்வந்தார். அதை நாம் ஒரு நற்சான்றிதழைப்போல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்பவரிடமெல்லாம் நீட்டுவது அவருக்கு மரியாதையன்று என்பது என் கருத்து. சான்று கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு என்று நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

இனி, சேப்பாக்கத்துக்கு வருவோம். 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தின. அடுத்த ஜனவரியில் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி வரவிருந்தபோது, டெல்லி மைதானத்தின் ஆடுகளம் தோண்டிச் சிதைக்கப்பட்டது. எனவே முதல் டெஸ்ட் ஆட்டம் சென்னைக்கு மாறியது. 1999 ஜனவரி 31 அன்று, இந்தியா 271 ரன் இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. முதுகுவலியோடு 136 ரன் எடுத்த டெண்டுல்கர், இன்னும் 17 ரன் தேவைப்பட்ட நிலையில் ஆட்டமிழந்தார். அடுத்த 4 ரன்களுக்குள் எல்லாம் முடிந்தது. 12 ரன் வித்தியாசத்தில் பாகிஸ்தான் வென்றது. அரங்கம் சிறிது நேரம் உறைந்து நின்றது. பிறகு எழுந்து கைதட்டியது. வாசிம் அக்ரம் தலைமையிலான அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தனர். கைதட்டியவர்கள் எல்லா மதத்தவரும்தான். அவர்களுடைய நாட்டுப்பற்றை யாரும் ஐயுற்றதில்லை. அதே பிப்ரவரி 20 அன்று, பிரதமர் வாஜ்பாய் பேருந்தில் லாகூருக்குப் புறப்பட்ட நாளில், கொல்கத்தாவில் ரசிகர்கள் வெளியேற்றப்பட்டு, ஆளில்லா அரங்கில் அதே இரு அணிகளின் ஆட்டம் முடிக்கப்பட்டது.

சேப்பாக்கத்தின் கைதட்டல் போரைத் தடுக்கவில்லை. சில மாதங்களில் கார்கில் போர் மூண்டது. அதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மை சொல்பவனாக மாட்டேன். ஆனால், எதிரே நின்றவர்களைப் பதினொரு ஆட்டக்காரர்களாகப் பார்க்க அன்று சென்னையால் முடிந்தது. 2025 செப்டம்பரில் துபாயில் கைகுலுக்கக்கூட மறுக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, அது எவ்வளவு அரிது என்று புரியும். அதே 2025 ஏப்ரலில் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். சுற்றுலாப் பயணிகளைக் காக்க முயன்ற ஒரு முஸ்லிம் குதிரைக்காரரும் அவர்களில் ஒருவர். மணமாகிச் சில நாட்களிலேயே கணவரை அங்கே பறிகொடுத்த ஓர் இளம்பெண், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் வெறுக்காதீர்கள் என்று வேண்டினார். கோபப்பட எல்லா நியாயமும் உள்ள அவர் அப்படிச் சொன்னார். இழப்பு எதுவுமில்லாதவர்களோ அதற்காக அவரையே ஏசினார்கள்.

இதுவரை நான் சொன்னவற்றுக்கு நீங்கள் தலையசைத்தீர்கள். இனிச் சொல்லப்போவது சற்றுக் கசக்கலாம்.

2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் நம் மொழி பேசும் மக்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. இலங்கை அரசின்மீது தமிழ்நாடு கொண்ட சினம் நியாயமானது. ஆனால் அந்தச் சினம் இங்கே யாரைத் தேடிப் பிடித்தது? 2011 ஜனவரியில் எழும்பூர் மகாபோதி சங்கத்தில் புகுந்து பிக்குகளைத் தாக்கியது. 2012 செப்டம்பரில், கால்பந்து ஆட வந்திருந்த இலங்கைப் பள்ளி மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மைதானத்தை அளித்த அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதே மாதம் பூண்டி, வேளாங்கண்ணி மாதா கோயில்களுக்கு வந்த யாத்ரீகர்களின் பேருந்துகள் திருச்சி அருகே கல்வீச்சுக்கு உள்ளாயின. 2013 மார்ச்சில் தஞ்சையிலும் சென்னை சென்ட்ரல் நிலையத்திலும் பிக்குகள் அடிபட்டார்கள். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்தவர் எந்தப் போரை நடத்தினார்? ஒருவர் செய்த பாவத்தின் சுமையை இன்னொருவர்மீது ஏற்றக்கூடாது என்பதைக் குர்ஆன் பலமுறை வலியுறுத்துகிறது. அதில் சிங்களவருக்கு விதிவிலக்கு ஏதும் இல்லை.

இதைச் சொல்ல மற்றவரைவிட நமக்கே கடமை அதிகம். இலங்கையில் இரு தேசியங்களுக்கும் நடுவே நசுங்கியவர்கள் தமிழ் பேசும் முஸ்லிம்கள். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டனர். பிறகு 2014இல் அளுத்கமையிலும் 2018இல் திகனையிலும் சிங்களப் பேரினவாதக் கும்பல்கள் அவர்களைத் தாக்கின. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களில் குண்டு வைத்த சிலருக்காக ஒரு சமுதாயமே பழி சுமந்தது. கொரோனா காலத்தில் பச்சிளங்குழந்தையின் ஜனாஸாவையும் எரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. தமிழர் என்ற பெயரும் அவர்களைக் காக்கவில்லை, இலங்கையர் என்ற பெயரும் காக்கவில்லை.

சென்னை மருத்துவமனைகளுக்கு இலங்கைக் கடவுச்சீட்டோடு வருபவர்களில் அந்த முஸ்லிம்களும் உண்டு, தமிழ் இந்துக்களும் உண்டு, சிங்களவரும் உண்டு. நம் பகுதியில் அவர்கள் அறை எடுத்துத் தங்க நேரிட்டால், எந்த இனத்தவர் என்று கேளாமல், இரத்தம் தேவைப்பட்டாலும் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவைப்பட்டாலும் உதவ நம் இளைஞரணி முன்வரவேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் ஒரு கோரிக்கையாக வைக்கிறேன். அடுத்தமுறை எல்லையில் பதற்றம் ஏற்படும்போது, உறுதி செய்யப்படாத படங்களையும் செய்திகளையும் கைப்பேசியில் பரப்பவேண்டாம் என்ற அறிவிப்பை, அந்த வார ஜும்ஆவிலேயே வெளியிடவேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. இவ்விரண்டையும் இன்றைய தீர்மானங்களோடு சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதைத் தலைவர் அவர்களின் முடிவுக்கு விடுகிறேன்.