கங்காணியின் கணக்கும் கணினியின் கணக்கும்



பீர்மேட்டுத் தேயிலை மலைகளை அறிந்த தமிழர்களுக்குக் கங்காணி யார் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. தோட்ட நிர்வாகத்திடம் முன்பணம் பெற்று, மலைக்குக் கீழேயுள்ள தமிழ் ஊர்களில் ஆள் திரட்டி, மேலே அழைத்து வந்து வேலை வாங்கியவர் அவர். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆளும் நாளும் பெருகினால் அவர் வருவாயும் பெருகும். முன்பணமோ தொழிலாளியின் கடனாக ஏட்டில் ஏறியது. அந்த ஏட்டைப் படிக்க இயலாதவன் தன் கடன் எவ்வளவென்று அறியாமலே உழைத்தான்.

இன்று கணினியுலகிலும் ஓர் ஏவலாள் வந்திருக்கிறான். செயற்கை அறிவு ஏஜெண்ட் என்பது அவன் பெயர். வெளிமாநிலத்தில் சிறு கடை நடத்தும் நம்மவர் ஒருவர், வரும் கடிதங்களைப் படித்து விடை எழுத அவனை அமர்த்தலாம். கூலி நாட்கணக்கில் அன்று. 'டோக்கன்' என்னும் சொல்துண்டுகளின் கணக்கில். இங்கே தலைக்காசு பெறுவது இயந்திரத்தை வாடகைக்கு விடும் நிறுவனம்.

செலவு பெருகும் வழியைப் பாருங்கள். இவ்வேவலாள் ஒவ்வோர் அடியிலும் முன்பு நடந்ததனைத்தையும் மீண்டும் படிக்கிறான். அடிக்கு ஆயிரம் துண்டு சேருமானால், 10 அடியில் அவன் படிப்பது 10 ஆயிரம் அன்று, 55 ஆயிரம். 20 அடியில் 2 இலட்சத்து 10 ஆயிரம். வேலை இரட்டித்தால் கூலி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. போதாக்குறைக்கு, பல இயந்திரங்களில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைகிறது.

இதற்குப் பரிகாரம் என்ன? இத்தனை அடிக்குமேல் போகாதே என்று முதலிலேயே வரம்பிடுக. எளிய வேலைக்குச் சிறிய, மலிவான இயந்திரத்தை வைத்துக்கொள்க. பழைய பேச்சைச் சுருக்கிக் கொடுக்க. மாறாத குறிப்புகளை முதலில் வைத்தால், பல நிறுவனங்கள் அவற்றை மறுமுறை படிக்கக் குறைந்த விலையே கேட்கின்றன. செலவு வரம்பு என்று எழுதியிருப்பது வேலையை நிறுத்துமா, எச்சரிக்கை மட்டும் அனுப்புமா என்பதையும் கேட்டறிக. எச்சரிக்கை மட்டும் என்றால், நாம் உறங்கும் இரவிலும் கடன் வளரும்.

ஏவலாள் திறமைசாலியாக இருக்கலாம். ஆயினும் கணக்கேடு நம் கையில் இருக்கட்டும். மலையில் நம் முன்னோர் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.