பழைய வண்டியும் புதிய வில்லும்



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே வாகனம் திருத்துவது பற்றிப் பேச ஒருவர் வந்திருக்கிறாரே, வழி தவறி இந்தக் கலையகத்துக்குள் நுழைந்துவிட்டாரோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அப்படியல்ல. பழைய பொருளொன்றைத் திருத்துவது என்றால் என்ன, அதனை மேம்படுத்துவது என்றால் என்ன, இவை இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை எங்கே என்ற வினா, செல்லரித்த ஏடுகளிலிருந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த நம் முன்னோருக்கும் இருந்தது. அதே வினாவை இன்று ஒரு பழைய லான்ட் றோவர் வண்டியின் அடியிலே படுத்துக்கிடந்து கேட்டுப் பார்ப்போம்.

இந்த வண்டி பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், இங்கிலாந்தின் றோவர் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸின் அங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்து போனால் வேறென்ன வாங்குவது என்ற யோசனையிலிருந்து 1947இல் உருவான எண்ணமே லான்ட் றோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமானது. அப்போது உருக்குக்குத் தட்டுப்பாடு. எனவே உடலை பேர்மாபிறைட் என்னும் அலுமினியக் கலப்புலோகத்தால் செய்தார்கள். அடிச்சட்டத்தை மட்டும், தட்டையான உருக்குத் தகடுகளைப் பற்றவைத்துப் பெட்டி வடிவில் ஆக்கினார்கள். இல்லாமையிலே பிறந்த வண்டி அது. ஸ்பனரும் சுத்தியலும் வைத்திருக்கும் ஒரு கமக்காரன் தானே கழற்றிப் பூட்டக்கூடியதாக அது அமைந்ததில் வியப்பில்லை.

1955இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லான்ட் றோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956இல் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களுள் ஒருவரான ரிம் ஸ்லெசர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லான்ட்' என்ற பயண நூல் இன்றும் விரும்பிப் படிக்கப்படுவது. 'ஒக்ஸ்போர்ட்' எனப் பெயரிடப்பட்ட வண்டி, பல ஆண்டுகளின் பின் சென்ற் ஹெலினா தீவிலிருந்து மீட்டெடுக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது. திருத்தக்கூடியதாகப் படைக்கப்பட்ட பொருளுக்கே இத்தகைய மறுபிறவி வாய்க்கிறது.

திருத்தி வாழ்வது நமக்கும் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் இருப்பதைப் பேணிக்கொள்வதே பலருக்கும் எஞ்சிய வழியாயிற்று. ஆகவே நான் பேசப்போவது வசதி படைத்தவரின் பொழுதுபோக்கைப் பற்றி மட்டுமன்று.

இனி வண்டியின் அடிக்குச் செல்வோம். வானொலியில் படம் காட்ட முடியாது. எனவே ஓர் ஏட்டுச்சுவடிக் கட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஏட்டுக்குப் பதில் உருக்குத் தகடுகள். மேலேயுள்ள தகடு மிக நீளமானது. கீழே போகப் போக நீளம் குறையும். சுவடியில் துளையிட்டுக் கயிறு கோப்பது போல, இங்கே நடுவில் துளையிட்டு ஓர் ஆணி பூட்டியிருப்பார்கள். தகடுகள் எல்லாம் வில்லைப் போல வளைந்தவை. இதுவே நம் திருத்துநர்கள் 'ஸ்பிரிங் பிளேட்' என்று சொல்லும் தகட்டு வில். சில்லுக்கு ஒன்றாக நான்கு வில்கள். வில்லின் ஒரு முனை அடிச்சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். மறு முனை 'ஷக்கிள்' எனப்படும் ஊஞ்சல் போன்ற இணைப்பில் தொங்கும். ஏனென்றால் வில் சுமையால் தட்டையாகும்போது நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும்.

இந்த எளிய வில் மூன்று வேலைகளைச் செய்கிறது. சுமையைத் தாங்குவது ஒன்று. அச்சை முன்னே பின்னே, இடம் வலம் நகராமல் பிடித்து வைப்பது இரண்டு. தகட்டோடு தகடு உரசுவதனால் துள்ளலை ஓரளவு அடக்குவது மூன்று. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லான்ட் றோவரில் ஏறியவர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு: "முதுகெலும்பு முறிந்துவிடும் போலிருக்கிறது." உடனே புதிய வில் வாங்க ஓடுகிறார்கள். ஆனால் அந்தக் கடினம் பெரும்பாலும் வண்டியைப் படைத்தவனின் குற்றமன்று. பல்லாண்டுப் புறக்கணிப்பின் விளைவு. தகடுகளுக்கிடையே சேறும் நீரும் புகுந்து துருப்பிடிக்க, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வழுக்கிச் செல்ல வேண்டிய ஏடுகள் ஒரே பலகையாகிவிடுகின்றன. வில் இருக்கிறது, வளைவுதான் இல்லை. இதனால்தான் முதலில் திருத்தம், பின்னரே மேம்பாடு என்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தப் பழைய லான்ட் றோவரின் கைபிறேக் சில்லுகளில் இயங்குவதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள சுழல்தண்டைப் பிடிப்பது. பின்சில்லு ஒன்றை ஜக் வைத்துத் தூக்கிவிட்டால், கைபிறேக் போட்டிருந்தாலும், தூக்கிய சில்லு எதிர்ப்புறம் சுழல, தரையிலுள்ள மற்றச் சில்லு உருள முடியும். வண்டி நகரும், கீழே படுத்திருப்பவன் நசுங்குவான். எனவே தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். அடிச்சட்டத்தை உறுதியான தாங்கிகளில் இருத்த வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது தற்கொலைக்கு ஒப்பானது.

அடுத்து அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும். அலுமினிய உடல் துருப்பிடிக்காமல் மினுங்கும். உருக்குச் சட்டமோ உள்ளிருந்தே உக்கும். வில் பூட்டப்படும் இடங்களைச் சுத்தியலால் தட்டினால், நல்ல உருக்குக் கணீரென்று ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலிக்கும். உக்கிய சட்டத்தில் விலையுயர்ந்த வில்லைப் பூட்டுவது, கறையான் அரித்த வளையில் புது ஓடு வேய்வது போன்றது.

பிறகு வில்லைக் கழற்றலாம். தகடுகள் விறைப்போடு கட்டப்பட்டவை. நடு ஆணியைச் சட்டென்று கழற்றினால் அவை தெறிக்கும். கட்டை இறுக்கிப் பிடித்து, பிடியை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். தகடுகளுக்கு வரிசை எண் எழுதிக்கொள்வது நல்லது. பல மாதிரிகளில் சாரதியின் பக்கத்து வில்லும் மற்றப் பக்கத்து வில்லும் ஒரே அளவானவை அல்ல. சாரதியின் பாரமும் எரிபொருள் தாங்கியும் ஒரு பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கம் சற்று உயர்ந்த வில் வைத்தார்கள். இதை அறியாமல் இடம் மாற்றிப் பூட்டிவிட்டு, "வண்டி சரிந்து நிற்கிறதே" என்று வியப்பவர்கள் உண்டு. ஏடுகளை மாற்றிக் கோத்துவிட்டு, பாட்டுக்குப் பொருள் தெரியவில்லை என்று புலவனைக் குறைகூறுவதற்கு இது நிகர்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, வெடித்த தகடு உண்டா எனப் பார்த்து, மைபூசிக் கிறீஸ் தடவித் திரும்பக் கட்டினால், அதே பழைய வில் புதிதாய் மூச்சுவிடும். செலவு சிறிது, உழைப்புத்தான் பெரிது.

வில்லின் கண்ணுக்குள்ளே, இரண்டு உருக்குக் குழாய்களுக்கிடையே றப்பர் ஒட்டிய 'புஷ்' ஒன்று இருக்கும். பழையதை எடுப்பது பொறுமைக்குச் சோதனை. றப்பரைத் துளைத்தெடுத்து, வெளிக்குழாயை இரும்பரிவாளால் கவனமாக அறுத்து, தட்டி வெளியேற்ற வேண்டும். புதியதைப் பூட்டும்போது பலரும் அறியாத ஒரு விதி உண்டு. வண்டி தூக்கி நிற்கும்போது அந்த ஆணியை இறுதியாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் முழுப் பாரமும் சில்லுகளில் விழுந்த பின்னரே இறுக்க வேண்டும். ஏனெனில் அந்த றப்பர் முறுகிக்கொடுத்து உழைப்பது. வில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி இறங்கிய கணத்திலிருந்தே றப்பர் முறுகிய நிலையில் நிற்கும், சீக்கிரமே கிழியும். பொருள் எந்த நிலையில் உழைக்கப் போகிறதோ, அந்த நிலையில் வைத்தே அதனை முடிவாகப் பூட்ட வேண்டும். அச்சை வில்லோடு சேர்த்துப் பிடிக்கும் யூ வடிவ போல்ட்களையும் புதிதாகப் போட்டு, சிறிது தூரம் ஓடிய பின் மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் மேம்பாடு வேண்டுமென்றால், அதற்கும் வழியுண்டு. 'பரபோலிக்' எனப்படும் புதிய வகைத் தகட்டு வில்லில் இரண்டு மூன்று தகடுகளே இருக்கும். ஒவ்வொன்றும் நடுவிலே தடித்து, முனைகளை நோக்கிப் பரவளைவுக் கணக்கின்படி மெலிந்து செல்லும். தகடுகள் நடுவிலும் முனையிலுமே தொடுவதால் உரசல் குறைவு, பயணம் மிருதுவாகும். ஆனால் நான் முன்னர் சொன்ன மூன்றாவது வேலையை எண்ணிப் பாருங்கள். உரசல் போனால் துள்ளலை அடக்கும் துணையும் போகிறது. ஆகவே அதற்கேற்ற ஷொக் அப்சோர்பர்களையும் போட வேண்டும். ஒன்றை மாற்றியவன் மற்றதையும் மாற்றக் கடமைப்பட்டவன்.

சுருள் வில்லின் கதையும் இதுவே. 1970இல் வந்த ரேஞ்ச் றோவர் சுருள் வில்லோடு பிறந்தது. 1983இல் 'நூற்றுப்பத்து', 1984இல் 'தொண்ணூறு' என்ற லான்ட் றோவர்களும் அவ்வழியைப் பின்பற்றின; 1990இல் டிபென்டர் என்ற பெயரைப் பெற்ற அந்த வண்டிகளின் உற்பத்தி 2016 ஜனவரி 29ஆம் திகதி நின்றது. சுருள் வில் மென்மையானது. ஆனால் சுமை தாங்கும் ஒரு வேலையை மட்டுமே அறிந்தது. அச்சைப் பிடித்து வைக்க அதனால் ஆகாது. அதற்கெனத் தனித் தண்டுகளும் புயங்களும் வேண்டும். பழைய வண்டிக்குச் சுருள் வில் பூட்ட நினைப்பவர், வில்லை அல்ல, வண்டியின் இலக்கணத்தையே மாற்றுகிறார். அது அறிவும் அளவும் தெரிந்த ஒட்டுவேலைக்காரரின் துணையின்றித் தொடத்தக்கதன்று.

அதைவிட ஆபத்தானது, தோற்றத்துக்காக வண்டியை உயர்த்தும் ஆசை. நீண்ட ஷக்கிள் போட்டால் வண்டி உயரும். ஆனால் வில்லின் ஒரு முனை மட்டும் தாழ்வதால் அச்சே திரும்பிவிடும். அது முன்னச்சானால் ஸ்டியரிங் நேர்நிற்க மறுக்கும். சுழல்தண்டின் மூட்டுகள் அதிகம் மடிந்து தேயும். பிறேக் குழாய்கள் எட்டாமல் இழுபடும். ஈர்ப்பு மையம் உயர, வளைவிலே கவிழும் அபாயம் கூடும். மலையகத்தின் ஒடுங்கிய தோட்டப் பாதையில், ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக, பின்னாசனத்தில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டியை எண்ணிப் பாருங்கள். உயரத்தின் அழகு யாருக்கு, அதன் விலை யாருக்கு?

பதிப்புலகில் இடைச்செருகல் என்றொரு சொல் உண்டு. மூலத்தை உணராதவன் தன் கைச்சரக்கை அதனுள் நுழைப்பதே அது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையிலிருந்தவை சிதைந்த ஏடுகள். அவர் செய்த முதற்பணி மூலத்தை மீட்டதே. நல்ல திருத்துநரும் அவ்வாறே. முதலில் வண்டியை வாசிக்கிறார், அளக்கிறார், அது எப்படி இருந்ததோ அந்நிலைக்கு அதனைக் கொண்டுவருகிறார். அதற்கப்பால் ஒன்றை மாற்ற விரும்பினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் விளைவை அறிந்த பின்னரே அடுத்ததைத் தொடுகிறார்.

இன்று காற்றில் இயங்கும் வில்லும் மின்னணு மூளையும் கொண்ட வண்டிகள் வந்துவிட்டன. சொகுசு மிகுந்தவை, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் பழுது என்ன என்பதையே ஒரு கருவியைக் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது. பழைய வண்டி தன் நோயைத் தானே சொல்லும். கேட்கும் காது நமக்கு வேண்டும். அந்தக் காதும், அந்தக் கையும், ஒரு தலைமுறை பயன்படுத்தாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கிட்டா. உங்கள் ஊர்க் கராஜில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு ஒரு முதியவர் இருப்பார். அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் ஓர் ஏடுதான்.