நடுத்தர மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி

(பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளுக்குப் பின் நம் ஜமாஅத் சார்பில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

முதல் மூன்று இடங்களைப் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசளித்து மகிழ்ந்தோம். அவர்களுக்கு வழிகாட்டப் பலர் இருக்கின்றனர். 600க்கு 330, 370 என்று பெற்றுப் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். இவர்கள் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. சிலர், தரகர் சொல் கேட்டு, வெளியூரில் பெரிய கட்டடம் உள்ள கல்லூரியில் கடன்பட்டுச் சேர்க்கின்றனர். வேறு சிலர், "இந்த மார்க்குக்கு என்ன படிப்பு?" என்று மகனைக் கடைக்கு அனுப்பி, மகளை வீட்டில் இருத்திவிடுகின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே நல்லதொரு பாதை இருக்கிறது.

முதலில் நம் கரிசல் பூமியின் வரவு செலவைப் பாருங்கள். இங்கே விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். உளுந்தும் பாசியும் வீடு வருவது மார்கழி, தையில். பருத்தியும் மிளகாயும் காசாவது அதற்கும் பின்னர். கல்லூரிக் கட்டணமோ முதல் பருவத்திற்கு ஆனி வாக்கிலும், இரண்டாம் பருவத்திற்குக் கார்த்திகை, மார்கழியிலும் கேட்கப்படுகிறது. இரண்டு வேளையிலும் காட்டுக்காரர் கையில் பணம் இராது. காட்டில் விளைந்து காசானால்தான் கடைத்தெருவில் வியாபாரம். எனவே நம் கையிலும் இராது. தீப்பெட்டி ஆலையில் வாரக் கூலி பெறும் தாய்மார்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். நகை அடகுக்குப் போகிறது, வட்டி ஏறுகிறது, இரண்டாம் ஆண்டில் பிள்ளை படிப்பை நிறுத்துகிறான். ஆகவே, கட்டணம் குறைந்த கல்லூரியைத் தேடுவது கௌரவக் குறைவன்று. பிள்ளை இடையில் நில்லாமல் பட்டம் பெறுவதற்கு அதுவே பாதுகாப்பு.

அத்தகைய கல்லூரிகள் நமக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. கோவில்பட்டியில் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி இருக்கிறது. 1966இல் தொடங்கப்பட்ட ஜி.வெங்கடசாமி நாயுடு கல்லூரி இருக்கிறது. கே.ஆர். கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வடக்கே சாத்தூரில் எஸ்.ஆர்.என்.எம். கல்லூரி, தெற்கே திருநெல்வேலியில் 1971 முதல் நடைபெறும் நம் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரி என்றால் விடுதிச் செலவும் மிச்சம். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் மனநிறைவு.

"சிறிய கல்லூரிப் பட்டத்திற்கு மதிப்பு உண்டா?" என்று கேட்கிறீர்கள். பட்டம் வழங்குவது கல்லூரி அன்று, பல்கலைக்கழகம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்தினாலும், பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வரும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வின் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். எந்தக் கல்லூரி என்ற கேள்வி அங்கே இல்லை.

ஆனால் சில விஷயங்களைக் கேட்டறியாமல் பணம் கட்டாதீர்கள். ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணத்தில் பெரும் வேறுபாடு உண்டு. இடம் எந்தப் பிரிவில் என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து, புதுப் பெயர் சூட்டிய படிப்புகள். அரசுப் பணிக்கும் பி.எட். படிப்புக்கும் அவை உரிய பாடத்திற்கு இணையானவை என்ற அரசாணை உண்டா என்று பாருங்கள். இல்லையேல் பட்டம் பெற்ற பின் அலைச்சல்தான். தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல் போன்ற பழகிய பெயர்களில் அந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவதாக, அப்பிரிவின் மாணவர்களிடமே பேசுங்கள். மூன்றாண்டுக்கு முன் எத்தனை பேர் சேர்ந்தனர், அரியர் இன்றி எத்தனை பேர் முடித்தனர் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் நிலைத்திருக்கின்றனரா, பருவத்துக்குப் பருவம் மாறுகின்றனரா என்றும் விசாரியுங்கள். நடுத்தர மாணவனுக்குத் தேவை அவன் பெயரறிந்து, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஆசிரியர். சிறிய கல்லூரியின் உண்மையான பலம் அதுவே. அது இல்லாத சிறிய கல்லூரியால் பயன் இல்லை.

மதிப்பெண் குறித்தும் ஒரு செய்தி. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு மொழிப்பாடங்களை நீக்கி, நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை தயாராகிறது. மொத்தத்தைப் பார்த்துச் சோர்ந்துவிடாமல், அந்த நான்கைக் கூட்டிப் பாருங்கள். முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று தெளிவாக இருந்தால்தான் அது கிடைக்கும். பிழையிருப்பின் விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம் பயிலும் பிற்படுத்தப்பட்டோருக்கான கல்வி உதவித்தொகை பற்றியும் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேர்வோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் மாணவியருக்கும், 2024இல் மாணவருக்கும் தொடங்கப்பட்டது.

கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளையைக் கலைக் கல்லூரிக்கு வற்புறுத்தவும் வேண்டாம். உரிய பாடம் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம் ஊரிலேயே லட்சுமி அம்மாள் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. கணிதம் வராத பிள்ளையை நேரே பொறியியலில் தள்ளி, அரியர்களோடு திரும்பி வரச் செய்வதைவிட இது மேலானது.

எங்கே சேர்ந்தாலும் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. சரிபார்த்த பின் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள்.

நிறைவாக, நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளின் கல்வி தடைபடுவது பெரும்பாலும் ஆனி மாதத்துச் சில ஆயிரம் ரூபாய்க்காக. அந்தத் தொகையைப் பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனாவாகக் கல்லூரியிலேயே செலுத்திவிட்டு, மகசூல் காசாகும் மாசி, பங்குனியில் தவணையாகத் திரும்பப் பெறலாம். வட்டிக் கடையின் படியை நம் மக்கள் ஏற வேண்டியதில்லை. திரும்பி வரும் தொகை அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு உதவும். திருப்பித் தர இயலாத ஏழைகளுக்கு ஜகாத் நிதி இருக்கிறது. படித்து முடித்த இளைஞர்கள் இருவர் மூவர், விண்ணப்பம் நிரப்பித் தரும் பொறுப்பை ஏற்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் மதிப்பெண் பட்டியல் கடந்த ஓராண்டின் கணக்கு மட்டுமே. சேர்ந்த கல்லூரியில் நாள் தவறாமல் வகுப்புக்குச் செல்லுங்கள், நூலகத்தைப் பயன்படுத்துங்கள், அரியர் வைக்காமல் முடியுங்கள். உங்களைப் பட்டதாரிகளாக இதே மேடையில் காண வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.