அறியாத ஆற்றில் ஸ்டீல்ஹெட்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து வடபகுதி மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 570 கிலோமீட்டர் ஓடி, பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்துக்கு அருகே பசிபிக் கடலில் கலக்கும் ஸ்கீனா ஆற்றுக்கும், அதன் நீர்வழிகளான பல்க்லி, மோரிஸ், கிஸ்பியாக்ஸ், பாபின் ஆகியவற்றுக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல நாடுகளிலிருந்து தூண்டிற்காரர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்கள் நாடி வருவது ஸ்டீல்ஹெட் என்னும் மீனை. 1962இல் கிஸ்பியாக்ஸ் ஆற்றில் கார்ல் மவுசர் என்பவர் பிடித்த 33 பவுண்டு மீன், அந்தச் சிற்றாற்றின் பெயரை மீன்பிடி உலகமெங்கும் பரப்பியது.

ஸ்டீல்ஹெட் தனி இனம் அன்று. வானவில் டிரவுட் எனப்படும் நன்னீர் மீனின், கடலுக்குச் சென்று திரும்பும் வடிவமே அது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளிலும் இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட்டும் இதே இனந்தான் என்றாலும், அவை கடலைக் காணாமலே வாழ்ந்து முடிகின்றன. ஸ்டீல்ஹெட்டோ ஆற்றில் பிறந்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பின் கடலுக்குள் சென்று பெருத்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே மீள்கிறது. பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை ஒருமுறை முட்டையிட்டதும் மடிந்துவிட, ஸ்டீல்ஹெட்டில் ஒரு பகுதி பிழைத்து, மீண்டும் கடலுக்குப் போய், மறுமுறையும் வருவதுண்டு.

ஸ்கீனாவுக்கு வருபவை கோடை வரவு எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, முட்டைகள் முதிராத நிலையில் கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ஆற்றில் நுழைந்து, குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, அடுத்த வசந்தத்தில்தான் முட்டையிடுபவை. ஆற்றில் கழியும் அந்த மாதங்களில் அவை ஏறத்தாழ எதையும் உண்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பையே செலவிடுகின்றன. உண்ணாத மீன் ஏன் தூண்டிலைக் கவ்வ வேண்டும் என்பதற்குச் சினம், ஆர்வம், இளமையில் அதே ஆற்றில் இரை தேடிய பழக்கம் எனப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும், எதுவும் ஐயமற நிறுவப்பட்டதில்லை. பசியை நம்ப முடியாதபோது, இரை இருக்கும் இடத்தில் மீன் இருக்கும் என்ற வழக்கமான கணக்கும் பொய்த்துப்போகிறது. ஆகவே முன்பின் அறியாத ஆற்றுக்கு வருபவர் தேட வேண்டியது மீனையன்று, மீன் இளைப்பாறத்தக்க நீரை.

அத்தகைய நீருக்கு அடையாளங்கள் உண்டு. மனிதர் நடக்கும் வேகத்தில், இடுப்பளவு முதல் ஆள் உயரம் வரையிலான ஆழத்தில், தலையளவுக் கற்கள் பரவிய அடித்தளத்தின் மேல் சீராக ஓடும் நீரே மீன் தங்கும் நீர். நுரை மிதக்கும் வேகத்தைக் கரையில் நடந்தபடியே ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டத்தின் அளவு தெரியும். நீர்ப்பரப்பில் ஓரிடம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல வழுவழுப்பாகத் தெரிந்தால், அதற்குச் சற்று மேல்நீரில், அடியில் பெருங்கல் கிடக்கிறது என்று கொள்ளலாம். மடுவின் கடைப்பகுதி, அதாவது ஆழம் குறைந்து நீர் அடுத்த பாய்ச்சலில் விழுவதற்குச் சற்று முந்திய இடம், தனிக் கவனத்துக்கு உரியது. கீழிருந்து பாய்ச்சலை ஏறிக் களைத்த மீன் முதலில் நிற்பது அங்கேதான். அவசரக்காரர்கள் அந்த இடத்திலேயே இறங்கி நின்றுகொண்டு, எதிரே ஆழத்தை நோக்கித் தூண்டில் வீசுவதைப் பல ஆறுகளில் காணலாம்.

இங்கே எறியப்படுவது ஃப்ளை, அதாவது இறகும் மயிரும் நூலும் கொண்டு முள்ளின் மேல் கட்டப்பட்ட போலி இரை. அதற்கு எடை கிடையாதாகையால், தடித்த கயிற்றின் எடையே அதைத் தூக்கிச் செல்கிறது. கயிற்றை முதுகுக்குப் பின்னால் முழுவதுமாக வீசி எறிய அடர்காட்டுக் கரைகளில் இடம் இராது என்பதால், ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் உருவான முறையைக் கைக்கொண்டு, இரு கைகளாலும் பிடிக்கும் 12 முதல் 14 அடி நீளக் கோலால், கயிற்றை நீர்மேல் வளையமாக்கி அங்கிருந்தே முன்னோக்கி உந்துகிறார்கள். எதிர்க்கரையை நோக்கிச் சாய்வாக விழும் கயிற்றை நடு ஆற்றின் விரைவோட்டம் வில்லாக வளைத்து ஃப்ளையை இழுத்தோடச் செய்யும். அதைத் தடுக்க, விழுந்த உடனே கயிற்றை மெல்லத் தூக்கி நீர் வரும் திசையில் மாற்றிப் போட வேண்டும். ஃப்ளை அரைவட்டமாக நீந்தி நேர் கீழே வந்து நின்றபின், தூண்டிற்காரர் ஓரிரு அடி கீழே இறங்கி மீண்டும் எறிகிறார். சால் தவறாமல் உழுபவர்போல இப்படி ஒரு மடுவை முடிக்க ஒருமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மீன் கவ்வியதும் கோலை வெடுக்கென்று உயர்த்துவது பெரும்பாலும் மீனை இழக்கவே செய்யும். கவ்விய மீன் தானே திரும்பும்போது, கயிற்றைச் சற்று விட்டுக் கொடுத்தால், முள் அதன் கடைவாயில் பதியும்.

புதியவருக்கு நிலப்படம் தரும் உதவி பலரும் எண்ணுவதைவிடப் பெரிது. இலையுதிர்கால மழையில் கிஸ்பியாக்ஸ் விரைவில் கலங்கி, தெளிவதற்கு நாட்கள் எடுத்துக்கொள்ள, ஏரியிலிருந்து புறப்படும் பாபின், மோரிஸ் ஆறுகளின் மேற்பகுதிகளில் வண்டல் ஏரியிலேயே படிந்துவிடுவதால் நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதே காரணத்தால், மோரிஸ் நீரைப் பெறும் பல்க்லியும் டெல்க்வா ஆறு கலக்கும் இடத்துக்கு மேலே தெளிந்தும் கீழே கலங்கியும் ஓடும் நாட்கள் உண்டு. உயர்ந்த விலைக்குக் கோல் வாங்குவதைக் காட்டிலும் இதைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

மாகாணத்தின் விதிகளும் ஆற்றைப் போலவே படித்தறிய வேண்டியவை. இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை எவரும் எடுத்துச் செல்லக் கூடாது; ஆறுகளில் பயன்படுத்தும் முள் ஒற்றை முள்ளாகவும், நுனியில் பின்னோக்கி நீளும் சிறு கொளுவி இல்லாததாகவும் இருக்க வேண்டும்; சிறப்பு நீர்நிலைகளென வகுக்கப்பட்ட ஆறுகளில் வெளிநாட்டவர் ஆற்றையும் நாளையும் குறிப்பிட்டுத் தனி உரிமம் பெற வேண்டும். ஸ்கீனாவின் கழிமுகத்துக்கு அருகே டையீ என்னுமிடத்தில் 1950களின் நடுப்பகுதி முதல் சோதனை வலையிட்டு மீன்வரவு மதிப்பிடப்படுகிறது. 2021இல் ஸ்டீல்ஹெட் வரவு அந்தப் பதிவுகளிலேயே மிகக் குறைந்ததாகக் காணப்பட, அவ்வாண்டு அக்டோபரில் ஸ்கீனாவிலும் அதன் நீர்வழிகளிலும் ஸ்டீல்ஹெட் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. கடலில் நிலவும் வெப்பம், சால்மனுக்கென விரிக்கும் வலைகளில் தவறி அகப்படுதல் முதலியவை காரணங்களாகக் காட்டப்படும்போது, தூண்டிற்காரரின் பங்கு சிறிதே எனலாம். ஆயினும், வசந்தம் வரை உணவின்றி இருக்க வேண்டிய மீனை நீண்ட நேரம் இழுத்துக் களைக்கச் செய்வதும், படம் எடுப்பதற்காக நீருக்கு வெளியே தூக்கிப் பிடிப்பதும் அதன் சேமிப்பிலிருந்தே கழிகின்றன. எனவே, அனுபவமுள்ள வழிகாட்டிகள் உறுதியான தூண்டில் நரம்பைக் கட்டி, மீனை விரைவில் கரையோரம் கொண்டுவந்து, நீரில் இருக்கும்போதே முள்ளைக் கழற்றி விடுகிறார்கள்.