மாத்திரை மட்டுமல்ல, பயிற்சியும் வீடு தேடி வரும்
பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்திக் காடு, மக்காச்சோளக் காடுன்னு குனிஞ்சு நிமிர்ந்தே மூட்டு தேஞ்ச பெரியவங்க நம்ம வீட்டிலேயே இருப்பாங்க. ஒரு தடவை விழுந்துட்டா, "வயசாச்சு, பேசாம படுங்க"ன்னு பாசத்துல சொல்லிடுறோம். ஆனால் படுத்தே இருந்தால் தசை இளைக்கும். மறுபடி விழும் ஆபத்தும் கூடும்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் என்றால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைதான் பலருக்கு ஞாபகம் வரும். வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு, கட்டணமில்லாமல். மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம், "அப்பா எழுந்து நடக்கவே சிரமப்படுறார்"னு சொல்லுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம், விவரத்துக்கு 104.

இயன்முறை சிகிச்சையாளர் தினமும் வரமாட்டார், பயிற்சி மட்டும் விடாமல் நடக்கணும். அதனால் அவர் சொல்லித்தருவதை உங்க போனில் வீடியோ எடுத்து வைங்க. பயிற்சியின்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்திட்டு 108-ஐ அழைங்க.