மிஞ்சிய உரிமமும் தூய தானமும்

(தசலட்சணப் பருவத்தின் எட்டாம் நாளாகிய உத்தம தியாக நாளில், திருச்சி கே.கே. நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தியாக தர்மத்திற்குரிய இந்நாளில் உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை விரித்துரைப்பது மரபு. நானோ இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கணினிக்குள் கிடக்கும் ஒன்றைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன்.

சென்ற ஆண்டு என் பேரன் கேட்டான்: “தாத்தா, பத்து விளையாட்டுகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அவற்றுள் நான்கு முன்பே என்னிடம் உள்ளன. மிஞ்சிய நான்கு ‘கீ’களையும் நண்பர்களுக்குக் கொடுத்தால் அது தானமா, களவா?”

உடனே விடை கூற என் நா எழவில்லை. அதற்குச் சில திங்கள் முன்னர், அவனுடைய பிறந்தநாளுக்காக இணையச் சந்தை ஒன்றில் பாதிக்கும் குறைந்த விலையில் ஒரு ‘கீ’ வாங்கிக் கொடுத்திருந்தேன். மூன்றே வாரங்களில் அவ்விளையாட்டு அவன் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. யாரோ ஒருவருடைய கடன் அட்டையைத் திருடி வாங்கப்பட்ட ‘கீ’ அது என்று பின்னரே அறிந்தோம். கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. களவுப்பொருளை ஏற்றல் அவற்றுள் ஒன்று. அதனைப் பலமுறை மேடையில் விளக்கிய நானே, மலிவைக் கண்டு விசாரியாமல் வாங்கிவிட்டேன்.

நம் ஊருக்குத் தெற்கே சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் ஒரு தமிழிக் கல்வெட்டு உள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்குச் சிறுபோசில் இளையர் இருக்கை செய்தளித்த செய்தியை அது கூறுகிறது. கொடுத்தவர், பெற்றவர், பொருள் ஆகிய மூன்றும் ஐயமின்றி விளங்குகின்றன. கணினி விளையாட்டில் இம்மூன்றும் அவ்வளவு தெளிவாக இல்லை. பணம் செலுத்தி நாம் பெறுவது பொருளன்று, பயன்படுத்தும் உரிமமே. இதனை வாங்குவோருக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஸ்டீம் தளத்தின் விளையாட்டுகளுக்கு அது பொருந்தாது எனப் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் கூறியது.

ஆகவே கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘இது கொடுக்கும் உரிமையுடன் என்னிடம் வந்ததா?’ என்பதே. பயன்படுத்தப்படாத ‘கீ’யை அன்பளிப்பாகத் தர விற்பனையாளரின் விதி இடம் தருமாயின், அது தூய தானம். அதற்குப் பணம் பெற்றால் விற்பனையாகிவிடும். விதிகள் பெரும்பாலும் அதனைத் தடுக்கின்றன. கடவுச்சொல்லைத் தெரு நண்பனுக்குச் சொல்வது கொடையாகாது. ஒரே இல்லத்தார் பகிர்ந்துகொள்ள ஸ்டீம் தளமே ஆறு பேர் வரை அடங்கும் குடும்பக் குழுவை அமைத்துள்ளது. அங்கும் உங்கள் விளையாட்டைக் கொண்டு உறவினர் ஒருவர் ஏமாற்றி ஆடினால், அவ்விளையாட்டில் உங்களுக்கும் தடை வரும். கொடுத்தவரின் பொறுப்பு கொடுத்தவுடன் தீர்வதில்லை.

இரண்டாவது கேள்வி, ‘யாருடைய உழைப்பு இது?’ என்பது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையற்குறிப்பு ஏட்டைக் கொண்டு தாய்நாட்டு உணவைச் சமைக்கும் கதை, ‘வெண்பா’ என்னும் விளையாட்டு. டொராண்டோவின் சிறிய நிறுவனம் ஒன்று 2023-இல் வெளியிட்ட அது, 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதைப் பெற்றது. அதன் திருட்டுப் படியைப் பத்துப் பேருக்கு வழங்குபவர், தமக்கு உரிமையில்லாத பிறர் உழைப்பையே வழங்குகிறார். அதனைத் தானம் என்று சொல்வதற்கில்லை.

பேரன் விதிகளைப் படித்தான். மூன்று ‘கீ’களுக்கு அன்பளிப்பு வழி இருந்தது, திருவரங்கத்து நண்பர் மூவருக்கு அவற்றை அனுப்பினான். நான்காவதற்கு அவ்வழி இல்லை. அது இன்றும் பயனின்றிக் கிடக்கிறது. “வீண்தானே தாத்தா?” என்றான். “அதனைத் தொகுப்பாக வாங்கியபோதே வீணாயிற்று, கண்ணா” என்றேன்.

மிஞ்சியதைக் கொடுப்பது நன்று. ஆயினும் தமக்கு வேண்டாததைக் கொடுப்பதில் துறக்கப்படுவது ஏதுமில்லை. மிஞ்சும் அளவிற்கு வாங்காதிருத்தலே பொருள் வரைதல் என்னும் நம் விரதம். பேரனிடம் அதனைச் சொன்னபோது, மலிவுக்கு ஆசைப்பட்ட எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டேன்.