புதிதாய்க் குடிவந்தவர் கையில்தான் வரைபடம் இருக்கிறது
(வில்லாபுரம் குடியிருப்போரிடையே ஆற்றிய உரை)



நம்ம வில்லாபுரத்துக்குப் புதிதாக வந்தவர்கள், "நேத்து வந்த நான் இந்த ஏரியா வளர என்னங்க செய்ய முடியும்?" என்று தயங்குவதுண்டு. பழையவர்களால் ஆகாத ஒரு காரியம் உங்களால் ஆகும்.

பழையவர்களின் பத்திரம் பீரோவின் அடியில் கிடக்கும். நீங்களோ இப்போதுதான் மனை வாங்கியிருக்கிறீர்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் உங்கள் கையிலேயே இருக்கும். அதில் உங்க மனையை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வைக்காதீங்க. 'பூங்கா', 'பொது ஒதுக்கீடு' என்று எங்கே குறித்திருக்கிறது என்றும் பாருங்க.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். அதைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவும் வேண்டும். கேட்பாரில்லாமல் கிடந்தால் என்ன ஆகும்? முதலில் செங்கல் இறங்கும். அப்புறம் வேலி வரும். கடைசியில் பத்திரமே வந்துவிடும். நம்ம பிள்ளைகள் விளையாட நடுரோடுதான் மிஞ்சும்.

எனவே அந்த இடத்தின் புல எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரம் பாருங்கள். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் வரைபட நகலோடு மாநகராட்சியில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

அடுத்தது பகுதி சபை. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைந்தது இது. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் இதில் உறுப்பினர்கள். பழைய ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொண்டால் இங்கே உங்களுக்கு அந்த இடம் இல்லை. படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றுங்கள். பிறகு சபையில் எழுந்து, "எங்க பூங்கா எங்கே?" என்று கேளுங்கள்.

இடம் உறுதியானதும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பூங்கா போன்ற பணிகளுக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால், மீதியை அரசு தரும். தெருவே சேர்ந்தால் அது பெரிய தொகையில்லை.

இன்னிக்கு ராத்திரி அந்த வரைபடத்தை ஒரு தடவை விரிச்சுப் பாருங்க. நாளைக் காலையில் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு அந்த இடத்தை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.